மருந்தும் உணவும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றியே பேசுகிறது. மருந்தையும் உணவையும் இணைத்து எண்ணுவது தமிழர் மரபு. அவ்விணைப்பின் மற்றொரு பக்கத்தை இன்றைய மருந்தியல் விளக்குகிறது. விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து, குடற்சுவரைக் கடந்து, இரத்தத்தில் கலந்த பின்னரே பயன்தரும். அவ்வழியில் உணவு, மருந்தின் செயலைக் குறைக்கவும் கூடும், மிகுக்கவும் கூடும்.

இரத்தச்சோகையைத் தடுக்க, வளரிளம் பருவத்தினருக்குப் பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. அதனை உண்டவுடன் தேநீர் அருந்தினால், தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு பிணைந்து, அதனை உடல் ஏற்கவிடாமல் தடுக்கின்றன. மாத்திரை உண்டும் இரும்பு முழுமையாகச் சேர்வதில்லை. மாறாக, நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி, உடல் இரும்பை ஏற்கத் துணைபுரிகிறது. பாலிலுள்ள கால்சியமும் டெட்ராசைக்கிளின், சிப்ரோஃபிளாக்சசின் முதலிய நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளோடு பிணைந்து அவற்றின் பயனைக் குறைக்கும்.

உணவு மருந்தை மிகுப்பது தற்செயலாக வெளிப்பட்டது. இரத்த அழுத்தத்திற்கான ஃபெலோடிபின் மருந்தோடு மது சேர்வதன் விளைவைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். மதுவின் சுவையை மறைப்பதற்காக எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட் பழச்சாற்றைக் கலந்தனர். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத வகையில் உயர்ந்தது. 1989இல் வெளியான இவ்வாய்வு, மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது. மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியை அப்பழச்சாறு செயலிழக்கச் செய்வதே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. பம்பளிமாசு பழத்திற்கும் இத்தன்மை உண்டு.

இதனால் உணவைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உண்போருக்குக் கீரையிலுள்ள வைட்டமின் கே எதிராகச் செயல்படும். எனினும், கீரையை அறவே விலக்குவது தீர்வாகாது. மருந்தின் அளவு, அன்றாட உணவை ஒட்டியே வரையறுக்கப்படுகிறது. எனவே, கீரையைத் திடீரெனக் கூட்டுவதும் நிறுத்துவதும் தீங்கு தரும். நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்பதே நன்று.

மாத்திரையைத் தண்ணீருடன் விழுங்குவதும், தேநீருக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இடையே ஓரிரு மணி நேரம் விடுவதும் எளிய பழக்கங்கள். உணவுக்கு முன்னா, பின்னா, எதனுடன் உண்ணலாகாது என்பவற்றை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டறிதல் வேண்டும். எழுத்தறியாத பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லும் பேரக்குழந்தை, இவ்வினாக்களையும் கேட்டு வந்தால் அந்தக் கல்வி வீட்டிற்கே காவலாகும்.