ரெட்டைக்குழலுக்கு ஒரு முன்மணி

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன் நான். 3 மில்லிமீட்டர் திருகு கடைவது எனக்குப் பெரிய வேலையே இல்லை. ஆனாலும் தாத்தாவின் 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கியில் குறிபார்க்கும் முன்மணி முறிந்தபோது அதைப் பட்டறை வைஸில் ஏற்றவில்லை. துப்பாக்கி பழுதுபார்க்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். என்னிடம் உள்ளது வைத்திருப்பதற்கான உரிமம்தான். குழல் காலியா என்று பார்த்து, உரிமப் புத்தகத்தோடு உரிமம் பெற்ற கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்றேன்.

தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். துப்பாக்கி பிரான்சின் சேந்த்-எத்தியேன் ஊரில் செய்தது. இப்படிப்பட்ட பழசுக்கு மணி தேடினால் முதல் வம்பு திரெட்டில்தான். அமெரிக்க மணிகள் 3-56, 6-48 போன்ற அளவுகளில் வரும். ஐரோப்பியத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் மெட்ரிக், 2.6 அல்லது 3 மி.மீ. இதில் 3-56ம் 2.6ம் ஆளை ஏமாற்றும். இரண்டுக்கும் பிட்ச் ஏறக்குறைய 0.45 மி.மீ.; விட்டத்தில்தான் 0.1 மி.மீ. வித்தியாசம். கையால் திருகினால் சுகமாக இறங்கும், லேசாக ஆடும், சுடச்சுட அதிர்ந்து கழன்றுவிடும். அதனால் முறிந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். வெர்னியரும் பிட்ச் கேஜும் வைத்து அளக்க அது வேண்டும். சில பழைய மணிகளில் திரெட்டே இருக்காது, தட்டி இறக்கியிருப்பார்கள்.

துளைக்குள் மாட்டிய மிச்சத்தை எடுக்க, லேத்காரன் கை கேஸ் டார்ச்சைத் தேடும். கூடவே கூடாது. பழைய ரெட்டைக்குழல்களில் மேல் ரிப்பைக் குழல்களோடு பிடித்திருப்பது பெரும்பாலும் ஈயப்பற்று. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். கடைக்காரர் துருவிடு எண்ணெய் விட்டு ராத்திரி ஊறவைத்தார். மறுநாள் ஊசி அரத்தால் துண்டின் தலையில் ஒரு பள்ளம் போட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருப்பினார், வந்துவிட்டது.

புது மணிக்கு நீல லாக்டைட் ஒரு சொட்டு போதும், எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்த பிறகு. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு வேண்டும், சூடுதான் இங்கே ஆகாதே. ஒற்றைக்குழல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் மணி குழல் சுவரிலேயே ஏறுகிறது. தண்டு நீளமானால் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். துணி சுற்றிய கம்பியை விட்டுப் பாருங்கள், சிக்கினால் தண்டை அராவிக் குறைக்க வேண்டும்.

பச்சையாக மினுங்கும் ஃபைபர் மணி எனக்குப் பிடிக்காது. பார்வை இலக்கில் இருக்க வேண்டும், மணியில் அல்ல. பழைய மணியைவிட உயரமாக வைத்தால் சுடுவதும் கீழே போகும். பழைய உயரத்துக்கே பித்தளையில் போட்டுக்கொண்டேன்.

கடையில் இருக்கும்போதே தோட்டா அறையின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய பிரெஞ்சுத் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மி.மீ. இப்போது பரவலாகக் கிடைக்கும் 70 மி.மீ. தோட்டாவும், வாய் மடிந்திருப்பதால், அதற்குள் தாராளமாகப் போய்விடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.