வீட்டுத் தோட்டம்: வெள்ளரியை முந்திக் காய்க்கச் செய்வோம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் முன்னோர் வாக்கு. ரொறன்ரோவில் ஆடி மாதம் விதை தேடப் புறப்பட்டால், காய் பிடிக்கும் வேளையில் குளிர் வந்துவிடும். இங்கே ஆடி காய் பறிக்கும் மாதம். அதற்குரிய விதைப்பு சித்திரையிலேயே, அதுவும் வீட்டுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். இம்முறை வெள்ளரியை, அதாவது நம்மில் பலர் கெக்கரி என்று சொல்லும் காயை, எடுத்துக்கொள்வோம்.

ஏன் வீட்டுக்குள்?

இங்கு மே மாத முற்பகுதியிலும் சில இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. பனி நின்ற பின்னரும் மண் உடனே சூடாவதில்லை. மண்ணின் வெப்பம் 15 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் வெள்ளரி விதை முளைக்காமல் கிடந்து அழுகிவிடும். அதே விதை 25 முதல் 30 பாகை வெப்பத்தில் 3 முதல் 5 நாட்களில் முளைத்துவிடும். அயலவர் ஒருவர் பொத்திவைத்துக் கொடுத்த பத்து விதைகளைக் குளிர்ந்த மண்ணில் போட்டு இழந்தால் அந்த வருடம் அந்த இனமே நம் தோட்டத்தில் இல்லை. நாற்றாக வளர்த்து நட்டால் விதையும் தப்பும்; நேரே மண்ணில் விதைத்ததைவிட ஏறக்குறைய மூன்று வாரம் முந்தியும் காய் கிடைக்கும்.

எப்போது விதைப்பது?

எவ்வளவு முந்தி விதைக்கிறோமோ அவ்வளவு முந்திக் காய்க்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். வெள்ளரியைப் பொறுத்தவரை இது சரியல்ல. மார்ச் மாதத்தில் முளைக்கவைத்த கொடி, நடும் காலம் வருவதற்குள் சாடியில் வேர் சுற்றி, தண்டு நீண்டு, இளைத்துப் போகும். அதை நட்டால் பல நாட்கள் வளராமல் நிற்கும். மூன்று அல்லது நான்கு வார வயதுள்ள, இரண்டு மூன்று இலை விட்ட இளம் நாற்று அதை எளிதில் முந்திவிடும். ஆகவே நடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே முறை.

விக்ரோறியா தினம் மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வரும். அதன்பின் வரும் வாரத்தை நடும் காலமாகக் கொள்ளலாம். நினைவில் வைக்க ஓர் எளிய கணக்கு: மெதுவாக வளரும் பாகலையும் புடலையையும் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி விதையுங்கள். வெள்ளரியையும் பூசணியையும் அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் முடிவில் விதையுங்கள்.

செய்முறை

1. சாடி: வெள்ளரியின் வேரை அசைத்தால் செடி வாடும். எனவே ஒவ்வொரு செடிக்கும் தனிச் சாடி வேண்டும். சாடியோடு நடக்கூடிய பீற் சாடிகள் கடைகளில் கிடைக்கும். பழைய பத்திரிகைத் தாளை ஒரு தகரப் பேணியில் சுற்றி, அடியை மடித்துச் சாடி செய்தால் செலவே இல்லை. அகலம் 7 அல்லது 8 சென்ரிமீற்றர் போதும். தோட்டத்து மண்ணை உள்ளே கொண்டுவர வேண்டாம். அதிலுள்ள பூஞ்சணம் முளையின் அடித்தண்டை அழுகச் செய்யும். விதை முளைக்கவைப்பதற்கென விற்கப்படும் கலவையே நல்லது.

2. விதைத்தல்: சாடிக்கு இரண்டு விதை, 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் இடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேற்பகுதி போன்ற வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அறும். பாகல் விதையின் தோல் தடிப்பானது. அதன் ஓரத்தை நகவெட்டியால் சிறிது வெட்டி, ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்துப் பின் விதையுங்கள்.

3. வெளிச்சம்: முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். தெற்கு நோக்கிய யன்னல் உதவும். குழாய் விளக்கு ஒன்றைச் செடிக்கு மேலே 5 முதல் 8 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால் இன்னும் நன்று. செடி வளர வளர விளக்கையும் உயர்த்துங்கள்.

4. நீர்: மேல்மண் காயத் தொடங்கும்போது மட்டும் ஊற்றுங்கள். குளிர்ந்த குழாய்நீரை உடனே ஊற்றாமல், பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்து ஊற்றுவது நல்லது.

5. பழக்குதல்: வீட்டுக்குள் வளர்ந்த செடிக்கு வெயிலும் காற்றும் புதியவை. நடுவதற்கு ஒரு வாரம் முன்பு, முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில் வையுங்கள். பின் நேரத்தையும் வெயிலையும் நாளுக்கு நாள் கூட்டுங்கள். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

6. நடுதல்: இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும் என்றால், நாள் வந்துவிட்டது என்பதற்காக நடாதீர்கள், சில நாள் பொறுங்கள். பாத்தியைக் கறுப்புப் பொலித்தீனால் முன்கூட்டியே மூடிவைத்தால் மண் சூடேறும். முகில் மூடிய நாளில் அல்லது மாலையில் நடுங்கள். பீற் சாடியின் விளிம்பு மண்ணுக்கு வெளியே தெரிந்தால் அது ஈரத்தை உறிஞ்சி வேரைக் காயவைக்கும். ஆகவே விளிம்பையும் மண்ணால் மூடுங்கள்.

7. காவல்: மஞ்சள் உடலில் கறுப்புக் கோடுள்ள சிறு வண்டு இளம் செடியைத் தின்பதோடு வாடல் நோயையும் பரப்பும். மெல்லிய வெள்ளைத் துணியால் செடியை மூடிவையுங்கள். பூக்கத் தொடங்கியதும் துணியை எடுத்துவிடுங்கள். தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்பூக்கள். அவை உதிர்வது கண்டு கவலை வேண்டாம். அடியில் சிறு பிஞ்சோடு வருவதே பெண்பூ.

காய்க்கத் தொடங்கியபின் இரண்டு நாளைக்கு ஒருமுறை பறியுங்கள். ஒரு காயை முற்றவிட்டாலும் கொடி புதுக்காய் வைப்பதைக் குறைத்துவிடும். தண்ணீர் தட்டுப்பட்டால் காய் கசக்கும்.

இந்த வேலைக்குப் பெரிய உடல்வலு தேவையில்லை. மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் நம் பெரியவர்கள் பலர் ஊரிலே தோட்டம் செய்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி, யன்னலோரத்துச் சாடிகளை அவர்கள் பொறுப்பில் விடுங்கள். விதை போடும் கையோடு தமிழும் வரும். ஆடியில் முதற்காய் பறித்ததும் கோயிலுக்குக் கொண்டுவாருங்கள். சுவாமிக்குப் படைத்தபின் அன்னதானத்தில் அனைவரும் பகிர்ந்துண்போம்.