பெயர் தெரியாத பழமரம்: வீட்டுத்தோட்டக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டிபட்டிப் பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்களுக்குப் பத்திரத்தில் எழுதாத சொத்து ஒன்றும் சேர்ந்து வரும். கிணற்றடியில் ஒரு மாமரமோ, குளியலறைத் தண்ணீர் பாயும் மூலையில் ஒரு சப்போட்டாவோ நிற்கும். விற்றவரைக் கேட்டால் "நல்ல ரகம்" என்பார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அப்பத்தா, "அது காசா மாம்பழம்ய்யா" என்பார். எதிர்வீட்டு மாமா, "காசாவாவது ஒண்ணாவது, கல்லாமை மாப்ள இது. நான் பிஞ்சிலயே தின்னவன்" என்று அடித்துச் சொல்வார். இரண்டு பேருமே பெரியகுளத்து மாம்பழம் தின்று வளர்ந்தவர்கள். யாரையும் தள்ளிவிட முடியாது.

ஆனால் இருவருமே பழத்திலிருந்து தொடங்குகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மரத்தை அறிய அடித்தண்டிலிருந்து தொடங்க வேண்டும். பழம் கடைசியில் வரட்டும்.

முதல் படி: கொட்டைக் கன்றா, ஒட்டுக் கன்றா?

மரத்தடியில் உட்காருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பட்டையை விரலால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் புடைப்பு, சிறு வளைவு, மேலே ஒரு நிறப் பட்டை கீழே வேறு நிறப் பட்டை என்று தெரிந்தால் அது ஒட்டு. நேராக வழுவழுவென்று ஏறினால் பெரும்பாலும் கொட்டையில் முளைத்தது. முப்பது நாற்பது வயதான மரத்தில் ஒட்டுத் தழும்பு மூடிப்போயிருக்கலாம். அப்போது நட்டவர்களின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியதுதான்.

இந்த ஒரு கேள்விக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நம் பக்கத்து மாங்கொட்டைக்குள் ஒரே ஒரு கருதான் இருக்கும். அது தாய்ப்பூவும் வேறொரு மரத்து மகரந்தமும் கலந்து உண்டானது. நீலம் பழக் கொட்டையை ஊன்றினால் நீலத்தின் பிள்ளை முளைக்கும், நீலம் முளைக்காது. பங்கனப்பள்ளியோ மல்கோவாவோ, ரகம் என்று நாம் சொல்வதெல்லாம் எப்போதோ ஒரு மரமாக இருந்து, ஒட்டு ஒட்டாகப் பெருகி வந்தவை. ஆகவே கொட்டையில் முளைத்த உங்கள் மரத்துக்கு ரகப் பெயரே கிடையாது. உலகத்தில் அது ஒன்றுதான். "இது என்ன ரகம்?" என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் அன்பாகப் பொய்யான பதில் சொல்வார்கள்.

கேரளக் கடற்கரைப் பக்கத்து மாங்கொட்டைகள் சில இதற்கு விலக்கு. ஒரு கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளை வரும். அவற்றில் பல தாயின் அச்சாகவே இருக்கும். உங்கள் மரத்துக் கொட்டையின் ஓட்டை உடைத்துப் பருப்பை மணலில் புதைத்து வைத்தால் எத்தனை முளை வருகிறது என்று தெரிந்துவிடும். காசு செலவில்லாத சோதனை.

ஒட்டு என்று தெரிந்தாலும் ஒரு பொறி உண்டு. ஒட்டுக்குக் கீழிருந்து கிளைத்தது மேலே போய்விட்டதா என்று பாருங்கள். நான் ஆசையாக வைத்த இமாம்பசந்தை இரண்டாம் வருடம் ஆடு கடித்தது. மறுபடி துளிர்த்தபோது துள்ளிக் குதித்தேன். காய்த்தபோது நார்தான் பல்லில் மாட்டியது. துளிர்த்தது அடிக்கன்று.

சப்போட்டாவில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அதைப் பெரும்பாலும் பாலை மரக் கன்றில்தான் ஒட்டுவார்கள். சப்போட்டா இலை நுனி கூம்பியிருக்கும். பாலை இலையோ நுனி அகன்று, நடுவில் கிள்ளிவிட்டாற்போல் ஒரு சிறு பள்ளத்தோடு இருக்கும். பழமும் வேப்பம்பழம்போல மஞ்சளாகச் சிறுத்திருக்கும். "சப்போட்டாவுல வேப்பம்பழம் காய்க்குது" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

இரண்டாம் படி: ரகத்துக்கு முன் இனம்

மா, கொய்யா, சப்போட்டாவை இனம் காண யாருக்கும் வழிகாட்டி வேண்டாம். குழப்புகிறவை இரண்டு குடும்பங்கள்.

ஒன்று எலுமிச்சைக் குடும்பம். நாரத்தை, கடாரங்காய், கொழுஞ்சி என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் ஆளை மாற்றிக்கொள்ளும். பெயரை விடுங்கள், இலைக்காம்பைப் பாருங்கள். இலை காம்போடு சேரும் இடத்தில் சிறு சிறகு இருக்கிறதா? நம் எலுமிச்சையில் குறுகலான சிறகு, மொட்டு வெள்ளை. பம்பளிமாஸில் சிறகு அகன்று இதய வடிவில் இருக்கும். தடித்த தோல் நாரத்தையில் சிறகு அநேகமாக இருக்காது. மொட்டில் ஊதாச் சாயல் தெரியும்.

மற்றது சீத்தா. சாதாரணச் சீத்தாப் பழத்தில் கண் கண்ணாகப் பிரிந்திருக்கும். ராமசீத்தாவின் தோல் ஏறக்குறைய வழுவழுப்பு, இலை நீளம். முள்சீத்தாவுக்கு இலை தடித்துப் பளபளக்கும், பூ குண்டாக இருக்கும், காயில் மென்மையான முட்கள். இதில் பழம் வரும்வரை காத்திருக்கவே வேண்டியதில்லை.

எச்சரிக்கை ஒன்று. இனம் தெரியாத பழத்தை "ருசி பார்த்துச் சொல்கிறேன்" என்று வாயில் வைக்காதீர்கள். எட்டிப் பழம் பார்வைக்குச் சின்ன ஆரஞ்சு போலத்தான் இருக்கும். அதன் விதை ஆளைக் கொல்லும்.

மூன்றாம் படி: ஒரு வருட நோட்டு

இந்தப் படியில்தான் முக்கால்வாசிப் பேர் கைவிடுகிறார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தமிழ் மாதம் போட்டு எழுதுங்கள். கொழுந்து எப்போது விட்டது, என்ன நிறம்? மாவில் கொழுந்து செம்பு நிறமாக, வெளிர்பச்சையாக, சில மரங்களில் கருஞ்சிவப்பாக வரும். ஒரே ரகத்தில் அது பெரிதாக மாறாது. முற்றிய இலையைக் கசக்கி முகர்ந்து அந்த வாசனையை உங்களுக்குப் பட்டபடியே எழுதுங்கள். "மாங்காய்ப் பால் வாடை", "மண்ணெண்ணெய் மாதிரி" என்று எழுதினாலும் பரவாயில்லை. பக்கத்து மரத்து இலையையும் கசக்கி ஒப்பிடுங்கள். மூக்கு கண்ணைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

பூ வந்த நாள், முதல் பழம் விழுந்த நாள், கடைசிப் பழம் விழுந்த நாள் மூன்றும் கட்டாயம். மாவில் காலமே பாதி விடை சொல்லிவிடும். செந்தூரம் முன்னாலேயே வந்து போகும். நீலம் மற்றவை ஓய்ந்தபின் ஆனி, ஆடியில் கடைக்கு வரும். சித்திரை பிறக்கும்போதே பழுத்து உதிரும் மரத்தை நீலம் என்று யாராவது சொன்னால், நோட்டைக் காட்டி அனுப்பிவிடலாம்.

ஒரு வருடம் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டிபட்டி மழை மறைவுப் பகுதி. மழை பொய்த்த வருடத்தில் பழம் சிறுக்கும், பூவும் காலம் தப்பும். இரண்டு பருவம் ஒத்துப்போனால் நம்புங்கள்.

நான்காம் படி: இப்போது பழம்

பழம் ஒன்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மரத்தின் நாலு பக்கத்திலிருந்தும் பத்துப் பழம் எடுத்து, சமையலறைத் தராசில் நிறுத்து, சராசரி எழுதுங்கள். புதுக் கன்றின் முதல் காய்ப்பை விட்டுவிடுங்கள். முதல் வருடப் பழம் பெரும்பாலும் ரகத்தின் குணத்தை முழுதாகக் காட்டாது.

முற்றிய காய்தானா என்பது அடுத்தது. சப்போட்டா நிறம் மாறி முற்றியதைக் காட்டாது. மேலே உள்ள தவிட்டுப் பொடியைத் துடைத்து நகத்தால் கீறுங்கள். கீறல் பச்சையாகத் தெரிந்தால் இன்னும் நாளாகும். மஞ்சளாகத் தெரிந்தால் பறிக்கலாம். முற்றாததைப் பழுக்க வைத்துவிட்டு "இது மட்டமான ரகம்" என்று மரத்தை வெட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மாவில் பார்க்க வேண்டியவை: காம்படித் தோள் உயர்ந்ததா சரிந்ததா, நுனியில் மூக்கு உண்டா, தோல் தடிப்பா மெல்லிசா, கொட்டை தட்டையா, நார் எவ்வளவு. கிளிமூக்கு தன் பெயரைத் தன் முகத்திலேயே வைத்திருக்கிறது. செந்தூரத்துக்குத் தோளில் சிவப்பு. பங்கனப்பள்ளி பெரிதாக, நீளவாட்டில், வழுவழுத்த தோலோடு இருக்கும். இமாம்பசந்த் பழுத்தபிறகும் பச்சை முழுக்கப் போகாது. அதைக் காய் என்று நினைத்து அழுக விட்டவர்கள் உண்டு. பறிக்கும்போது காம்புப் பால் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் வெந்துவிடும்.

ஐந்தாம் படி: பெயர்களைச் சலித்தல்

கிளிமூக்கும் பெங்களூராவும் தோத்தாபுரியும் ஒரே மாம்பழம். இமாம்பசந்தும் ஹிமாயுதீனும் ஒன்றே. கம்பம் பள்ளத்தாக்கில் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சையை வெளியுலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. வாசனையைப் பார்த்து நம் ஆட்கள் வைத்த பெயர்தான் எனக்குப் பிடித்தது. லக்னோ 49 கொய்யாவோ லக்னோவில் பிறக்கவே இல்லை. புனே கணேஷ்கிண்ட் தோட்டத்தில் 1927-இல் தேர்ந்தெடுத்தது. ஆகவே இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால், சண்டைக்கு முன்பு அவை ஒரே ரகத்தின் பெயர்களா என்று பாருங்கள்.

வாழைக்குத் தனி வழி

வாழைக்கு முதல் படி பொருந்தாது. பக்கக் கன்று தாயின் நகல். 1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் 15 அடையாளங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண் போட்டு, காட்டு வாழை மூதாதைகள் இரண்டில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிடும் முறை தந்தார்கள். இன்றும் அதுதான் அடிப்படை. வீட்டுக்கு அதில் இரண்டு போதும். தண்டில் கரும்பழுப்புத் திட்டுகள் நிறைய இருந்து, இலைக்காம்பின் பள்ளம் வாய் விரிந்திருந்தால் செவ்வாழையின் பக்கம். தண்டு திட்டில்லாமல் இருந்து, காம்பின் ஓரங்கள் உள்ளே மடிந்து மூடியிருந்தால் மொந்தன், கற்பூரவள்ளிப் பக்கம். பூவனும் ரஸ்தாளியும் நடுவில் நிற்கும். செவ்வாழைத் தாரில் பச்சைக் காய் வந்தால் ஏமாந்ததாக நினைக்க வேண்டாம். அது சில நேரம் தானே பச்சைக்கு மாறும்.

கடைசிப் படி: யாரிடம் கேட்பது

பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி தொடங்கியது 1957-இல். பி.கே.எம். என்று தொடங்கும் சப்போட்டா, மா, எலுமிச்சை ரகங்கள் எல்லாம் அந்த மண்ணில் வந்தவை; பி.கே.எம். 1 விதை முருங்கையைச் சொல்லவே வேண்டாம். காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் மையமும் உண்டு. வெறும் பழத்தோடு போகாதீர்கள். ஒரு முழக் கிளை, கொழுந்தும் முற்றிய இலையுமாக, மூன்று பழம், அதில் ஒன்று நீளவாக்கில் அறுத்தது, அடித்தண்டின் போட்டோ, அந்த நோட்டு. செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோனால் பஸ்ஸில் வாடாது.

கொட்டை மரம்தான், ஆனால் பழம் அபாரம் என்றால் அதையும் சொல்லுங்கள். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் உழவர் ரகங்களைப் பதிவு செய்ய இடம் இருக்கிறது. மா ரகங்கள் பல அப்படிப் பதிவாகியிருக்கின்றன.

பிறகு ஒரு அலுமினியக் குளிர்பானக் கேனை வெட்டித் தகடாக்கி, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். எழுத்து பள்ளமாகப் பதியும், வெயில் அழிக்காது. அடிமரத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள், கம்பி பட்டையைத் தின்றுவிடும். பக்கக் கிளையில் தளர்த்தியாகத் தொங்கட்டும். என் வீட்டு மரத்தில் இமாம்பசந்த் என்று அச்சடித்த பழைய பிளாஸ்டிக் அட்டையைக் கழற்றிவிட்டேன். இப்போது தொங்கும் தகட்டில் இருப்பது: "கிணற்றடி மா. அடிக்கன்று. வைகாசிக் கடைசி. நார் உண்டு. ஊறுகாய்க்கு நல்லது."