கற்றுக்கொடுப்பவர் தயாராக இருக்கிறாரா?



பார்வையில்லாத பிள்ளையைத் தொழிற்பயிற்சியில் சேர்க்கும்போது கட்டணம், விடுதி, சான்றிதழ் எல்லாம் விசாரிக்கிறோம். "இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்பதில்லை. தெரியாத இடத்தில் பிள்ளை மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும். "இவனால் முடியவில்லை" என்ற பழியும் அதன் தலையில்தான் விழும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரெயில் தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்கச் சொல்கிறது (பிரிவு 17). எல்லோருக்குமான தொழிற்பயிற்சித் திட்டங்களிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்கச் சொல்கிறது (பிரிவு 19). ஆகவே இடம் கேட்பது தயவு அல்ல, உரிமை.

தயாரான ஆசிரியர் எப்படி இருப்பார்?

1. "இங்கே பார், இப்படிச் செய்" என்று சொல்லமாட்டார். "உன் வலது கைப் பக்கம், ஒரு சாண் தள்ளி" என்று வார்த்தையால் இடம் காட்டுவார்.

2. பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கமாட்டார். தன் கை மேல் பிள்ளையின் கையை வைக்கச் சொல்லி, வேலையை உணரவைப்பார்.

3. முதல் நாளே அறையைச் சுற்றிக் காட்டுவார். கருவிகள் தினமும் அதே இடத்தில் இருக்கும்.

4. கருவியைத் தொட்டறியும்படி மாற்றுவார். தையல் வகுப்பில் அளவு நாடாவில் தொட்டு உணரும் அடையாளங்கள் இட்டு வைப்பது ஓர் உதாரணம்.

5. கம்ப்யூட்டர் வகுப்பில் மௌஸ் இல்லாமல் கீபோர்டு வழியே கற்பிப்பார். திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

6. கொஞ்சம் பார்வை உள்ள பிள்ளைக்கு நல்ல வெளிச்சமும் பெரிய எழுத்தும் தருவார்.

சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து இவற்றைக் கவனியுங்கள். வெள்ளைக் கோலுடன் தனியே நடக்கப் பழக்குவார்களா என்றும் கேளுங்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் வரவேண்டிய பிள்ளைக்கு, தொழிலோடு வழியும் தெரிந்தால்தான் வேலை நிலைக்கும்.

ஆசிரியருக்கு மனமிருந்து பயிற்சி இல்லையென்றால், அவரைக் குறை சொல்லி நிறுத்திவிட வேண்டாம். டேராடூனில் உள்ள பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் பூந்தமல்லியில் இருக்கிறது. பார்வையற்றோருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்குவது அதன் பணிகளில் ஒன்று. உதவித்தொகை, அடையாள அட்டை, பயிற்சி விவரங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர். மதீனாவில் பாங்கு சொன்னவர். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது அந்த நகரின் பொறுப்பும் அவரிடம் தரப்பட்டது. அவரை நம்பிப் பொறுப்புக் கொடுத்தார்கள். நம் தெருவில் இருக்கும் பிள்ளையையும் நம்புவோம். அதற்குத் தகுந்த ஆசிரியரைத் தேடித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.