கெட்டது வளையம் மட்டும்

அவர் ஒரு வேன் ஓட்டுநர். ஊர் தமிழ்நாடு. பிழைப்பு செகந்திராபாத்தில். கல்யாண வீட்டாரை ஏற்றிச் செல்வது அவர் தொழில்.

வேனில் ஒரு பழைய சப்வூஃபர் இருந்தது. சப்வூஃபர் என்றால் தாழ்ந்த ஒலியை மட்டும் தரும் பெரிய ஸ்பீக்கர். தவில், பறை, டிரம் போன்றவற்றின் 'தும் தும்' ஒலி அதில்தான் வரும். அதை வாங்கி வைத்தது அவருடைய அண்ணன். அண்ணன் இப்போது உயிரோடு இல்லை.

ஒரு நாள் பாட்டு போட்டார். 'தும் தும்' வரவில்லை. 'படபட, கரகர' என்று சத்தம் வந்தது. வண்டியில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

"இது செத்துப் போச்சு. தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று நினைத்தார். ஆனால் மனம் வரவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு கோட்டிக்குப் போனார்.

கோட்டி என்பது ஹைதராபாத்தின் பெரிய கடைத்தெரு. அங்கே குஜராத்தி கல்லி என்று ஒரு சந்து உண்டு. ஸ்பீக்கர், ஒயர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அங்கே கிடைக்கும். பக்கத்தில் ஒரு சின்னப் பழுதுக் கடை. கடைக்காரர் வயதானவர். வாணியம்பாடியில் பிறந்தவர். எல்லோரும் அவரை 'பாய்' என்றே கூப்பிடுவார்கள்.

எது கெட்டது?

"பாய், இது தேறுமா? பாருங்க" என்றார் ஓட்டுநர்.

பாய் ஸ்பீக்கரின் ஓரத்தை விரலால் தொட்டார். கறுப்பு நுரை தூள் தூளாக உதிர்ந்தது.

"தம்பி, கெட்டது இந்த ஃபோம் வளையம்தான். ஸ்பீக்கர் கெட்டதா என்று இனிமேல்தான் பார்க்கணும்" என்றார்.

காகிதக் கூம்பின் மேல் இரண்டு கைகளையும் பரப்பி வைத்தார். மெதுவாக, ஒரே சீராக அழுத்தினார். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். உரசும் சத்தம் இல்லை.

பிறகு மீட்டரை வைத்தார். அது 4 ஓம் ஸ்பீக்கர். மீட்டர் 3-க்கும் 4-க்கும் நடுவில் காட்டியது.

"காயில் நல்லா இருக்கு. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது வளையம் மாற்றிப் பயன் இல்லை" என்றார் பாய்.

ஸ்பீக்கர் எப்படி வேலை செய்கிறது?

ஸ்பீக்கரின் பின்னால் பெரிய காந்தம் இருக்கிறது. காந்தத்தின் நடுவே மிகச் சிறிய இடைவெளி. அதற்குள் கம்பிச் சுருள் நிற்கிறது. இதுதான் காயில். காயிலோடு காகிதக் கூம்பு ஒட்டியிருக்கிறது.

பாட்டு மின்சாரமாகக் காயிலுக்கு வருகிறது. மின்சாரம் பாய்ந்ததும் காயிலும் காந்தம் ஆகிறது. பெரிய காந்தம் அதை இழுக்கிறது, தள்ளுகிறது. கூம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது. காற்று அசைகிறது. நமக்கு ஒலி கேட்கிறது.

இது பழைய முறை. 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் இப்படிப்பட்ட ஸ்பீக்கரைப் பற்றி எழுதினார்கள். இன்றும் அடிப்படை அதுவே.

கூம்பின் ஓரத்தைச் சட்டத்தோடு இணைப்பது வளையம். கூம்பை ஆட விடுவதும், நடுவிலேயே நிறுத்துவதும் அதன் வேலை.

"வளையம் கிழிந்தால் கூம்பு கோணலாக ஆடும். காயில் காந்தத்தில் உரசும். அதோடு பாட்டுப் போட்டால் காயில் தேய்ந்து போகும். அப்போதுதான் ஸ்பீக்கர் உண்மையில் சாகும்" என்றார் பாய்.

ஓட்டுநர் தலையை ஆட்டினார். "அன்றைக்கே நிறுத்திட்டேன் பாய்" என்றார்.

"அதனால்தான் பிழைத்தது" என்றார் பாய்.

நுரை ஏன் உதிர்கிறது?

இந்த நுரையின் பெயர் பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் இதை மெல்ல மெல்ல அரிக்கும். வெயிலும் சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். ஹைதராபாத்தில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மூடிய வண்டிக்குள் சூடு அதைவிட அதிகம். ஜூன் வந்தால் மழை, ஈரம். பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் நுரை கெடும். சுமார் 10 முதல் 20 ஆண்டுகளில் பல வளையங்கள் உதிர்ந்துவிடும்.

அளந்து எழுது

"நீயே போய் வளையம் வாங்கிட்டு வா" என்றார் பாய்.

ஓட்டுநர் சந்துக்குள் போனார். "10 இஞ்ச் வளையம் குடுங்க" என்றார். வாங்கி வந்தார். வைத்துப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. கூம்பை விட வளையம் பெரிதாக இருந்தது.

"10 இஞ்ச் என்று வாயால் சொன்னால் போதாது தம்பி. எல்லா 10 இஞ்சும் ஒன்று இல்லை. அளந்து எழுதிக்கொண்டு போ" என்றார் பாய்.

ஓட்டுநர் இரவு வகுப்பில் எழுதக் கற்றவர். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பாய் அளந்து சொன்னார். இவர் மில்லிமீட்டரில் எழுதினார்.

கூம்பின் விட்டம்.
சட்டத்தில் ஒட்டும் இடத்தின் உள் விட்டம்.
அதன் வெளி விட்டம்.
வளையத்தின் மேடான பகுதியின் அகலம்.

கடையில் நோட்டைக் காட்டினார். கடைக்காரர் வளையத்தை அளந்து பார்த்து மாற்றிக் கொடுத்தார். இந்த முறை சரியாகப் பொருந்தியது.

வேலை முறை

1. கழற்றும் முன் வண்டி பாட்டரியின் கழித்தல் ஒயரை எடுத்துவிட வேண்டும். ஸ்பீக்கரில் எந்த நிற ஒயர் எங்கே இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும்.

2. பழைய நுரையையும் பசையையும் மெதுவாகச் சுரண்ட வேண்டும். துணியில் சிறிது ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். காகிதக் கூம்பு நனைந்து ஊறக் கூடாது.

3. இரும்புத் தூள் பக்கத்தில் இருக்கக் கூடாது. காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

4. பசை போடும் முன் வளையத்தைச் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும்.

5. முதலில் கூம்பில் ஒட்ட வேண்டும். காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் பசை வேண்டும். உடனே இறுகும் பசை வேண்டாம். நகர்த்திச் சரி செய்ய நேரம் கிடைக்காது.

6. கூம்பின் நடு மூடியைக் கவனமாக வெட்டி எடுக்க வேண்டும். காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் நான்கு பக்கமும் மெல்லிய ஃபிலிம் துண்டுகளைச் செருக வேண்டும். பாய் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிச் செருகினார். காயில் நடுவில் நின்றது.

7. பிறகுதான் வளையத்தின் வெளி ஓரத்தைச் சட்டத்தில் ஒட்ட வேண்டும்.

கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். ஸ்பிரிட்டும் சில பசைகளும் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு கூடாது.

ஒரு நாள் பொறு

"பாய், நாளைக்குக் காலையில் கல்யாண சவாரி. இன்னிக்கே மாட்டிடலாமா?"

"மாட்டலாம். பசை காயாமல் கூம்பு ஆடினால் வளையம் நகரும். காயில் உரசும். அண்ணன் வாங்கின பொருள் என்று சொன்னாய். நீயே முடிவு பண்ணு."

ஓட்டுநர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருக்கட்டும் பாய். நாளை மறுநாள் வர்றேன்" என்றார். மறுநாள் சவாரியில் பாட்டு இல்லை. கல்யாண வீட்டார் குறை சொன்னார்கள். பொறுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் போனார். பாய் ஃபிலிம் துண்டுகளை உருவினார். கூம்பை அழுத்திக் கேட்டார். உரசல் இல்லை. ஒரு பென்சில் செல்லை எடுத்தார். செல்லின் கூட்டல் முனைக்கு ஸ்பீக்கரின் கூட்டல், கழித்தல் முனைக்குக் கழித்தல் என்று ஒயரால் ஒரு நொடி தொட்டார். கூம்பு நேராக வெளியே வந்து திரும்பியது. நடு மூடியை ஒட்டிக் காய வைத்தார்.

மாலையில் ஸ்பீக்கரை வேனில் மாட்டினார்கள். ஓட்டுநர் ஒலியைக் குறைத்து வைத்துப் பாட்டுப் போட்டார். தவில் ஒலி கேட்டது. 'தும் தும்'.

"கூலி எவ்வளவு பாய்?"

பாய் சொன்ன தொகையையும் வளையத்தின் விலையையும் கூட்டிப் பார்த்தார். புதிய சப்வூஃபரின் விலை அதைவிடப் பல மடங்கு. தன் நோட்டில் நான்கு அளவுகளுக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினார். அடுத்த முறை வளையம் மாற்ற அந்தப் பக்கம் உதவும்.

யோசியுங்கள், பேசுங்கள்

1. வளையம் கிழிந்ததும் பாட்டை ஏன் நிறுத்த வேண்டும்?
2. முதலில் வாங்கிய வளையம் ஏன் பொருந்தவில்லை?
3. ஓட்டுநர் ஒரு நாள் பொறுத்ததால் என்ன நன்மை?
4. உங்கள் வீட்டில் ஓடாத பொருள் எது? அதில் கெட்டது எது, நன்றாக இருப்பது எது? பார்த்து எழுதுங்கள்.