வேலையிடப் பழிவாங்கலும் இரண்டு நீதிமன்றங்களும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்காக இந்த இதழில் ஒரு சட்டப் பாடத்தைப் பார்ப்போம்.

கலிஃபோர்னியாவில் ஒரு சகோதரி, ஹிஜாபுக்காகத் தன்னை இழிவாக நடத்துகிறார்கள் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புகாருக்காகவே அவரை வேலையை விட்டு நீக்கினால் அது பழிவாங்கல். 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் இதைத் தடுக்கிறது. இது மத்திய அரசின் சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். கலிஃபோர்னியாவின் சொந்தச் சட்டமோ 5 பேர் இருந்தாலே பொருந்தும்.

வழக்கை எங்கே போடுவது? மத்தியச் சட்டம் என்றால் மத்திய நீதிமன்றம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மாநில நீதிமன்றமும் அதை விசாரிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. ஆனால் மனுவில் மத்தியச் சட்டம் இடம்பெற்றால், வழக்கு ஆவணம் கிடைத்த 30 நாட்களுக்குள் முதலாளி அதை மத்திய நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாநிலச் சட்டத்தை மட்டும் நம்பிப் போட்ட வழக்கு பெரும்பாலும் மாநில நீதிமன்றத்திலேயே இருக்கும். இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவராகவும், கேட்கும் தொகை 75,000 டாலருக்கு மேலாகவும் இருந்தால் அதையும் மாற்ற வழியுண்டு.

இதனால் என்ன வித்தியாசம்? மத்திய நீதிமன்றத்தில் பொதுவாக ஜூரிகள் அனைவரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும். கலிஃபோர்னியா மாநில நீதிமன்றத்தில் 12 பேரில் 9 பேர் ஒத்துக்கொண்டால் போதும். மன உளைச்சலுக்கான இழப்பீட்டுக்கும் தண்டனைத் தொகைக்கும் சேர்த்து, நிறுவனத்தின் அளவைப் பொறுத்து 50,000 முதல் 3,00,000 டாலர் வரை மத்தியச் சட்டம் உச்சவரம்பு வைக்கிறது. கலிஃபோர்னியா சட்டத்தில் அந்த வரம்பு இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம் கெடு. மத்தியச் சட்டப்படி வழக்குப் போடுமுன் சமவேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் செய்யவேண்டும். அதற்கு 180 நாட்கள். மாநிலத்திலும் அத்தகைய அமைப்பு இருந்தால் 300 நாட்கள். வழக்குத் தொடரலாம் என்ற கடிதம் வந்தபின் 90 நாட்களே உண்டு. கலிஃபோர்னியா அமைப்பில் புகார் செய்ய 3 ஆண்டுகள் இருக்கின்றன. அதை நம்பிச் சும்மா இருந்தால் மத்தியச் சட்ட உரிமை கைவிட்டுப் போகும். கம்பெனிக்குள் விசாரணை நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம்: புகாரை எழுத்திலேயே கொடுங்கள். தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலை போன வாரமே அந்த மாநில வழக்கறிஞரைப் பாருங்கள். எந்தச் சட்டத்தின் கீழ், எந்த நீதிமன்றத்தில் என்று முதலிலேயே கேட்டுத் தெளியுங்கள். இன்ஷா அல்லாஹ், உரிமை வீணாகாது.