கேரம் பவுடரும் உராய்வுப் பாடமும்

உராய்வைக் குறைக்கும் வழிகளைக் கேட்டால் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எண்ணெய், கிரீஸ், பேரிங் என்று மளமளவெனச் சொல்லிவிடுவார்கள். கேரம் ஆடுகிற யாராவது ஒருவர் ‘பவுடர்’ என்பார். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டே ஒரு பாடவேளை முழுவதும் நடத்தலாம் என்பது என் அனுபவம். அறிவியல் ஆசிரியர்கள் முயன்று பார்க்கலாம்.

ஆக்சைடு என்றதும் பிள்ளைகளுக்கு நினைவு வருவது துரு. இரும்பைத் தின்னும், கதவுக் கீலை இறுக்கும். நாமும் அதையே அழுத்திச் சொல்கிறோம். ஆனால் எல்லா ஆக்சைடும் அப்படியல்ல. ஹார்டுவேர் கடையில் கறுப்பு நிற டிரில் பிட் கிடைக்கும். அந்தக் கறுப்பு பெயிண்ட் அல்ல. எஃகின் மேல் வேண்டுமென்றே வளர்த்த இரும்பு ஆக்சைடு. துருவைப்போல உதிராது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துளையிடும்போது உலோகச் சீவல் பிட்டில் ஒட்டுவதையும் குறைக்கும்.

இனி பவுடருக்கு வருவோம். கேரம் பவுடராகப் பரவலாக விற்பது போரிக் அமிலம் (வாங்கும்போது டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்). இதன் படிகம் சீட்டுக்கட்டு மாதிரி. ஓர் அடுக்குக்குள் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகக் கோத்திருக்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே இருப்பதோ வலுக்குறைந்த வாண்டர்வால்ஸ் விசை. தள்ளினால் அடுக்கு நழுவும். பலகையில் துகள்கள் உருள்வதும் உண்டு என்பதால் முழு விளக்கமும் இதுவே என்று சொல்லிவிட வேண்டாம்.

அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் அலி எர்டெமிர் 1990களின் தொடக்கத்தில் இந்த நழுவலை ஆராய்ந்தார். பரப்பின் மேல் போரான் ஆக்சைடு பூசினால் போதும். அது காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, மேலே போரிக் அமிலப் படலமாகிறது. படலம் தேய்ந்தால், அடியில் ஆக்சைடு இருக்கும்வரை மறுபடியும் உருவாகும். உலர்ந்த எஃகின் மேல் எஃகு நகரும்போது உராய்வுக் குணகம் சுமார் 0.6. இந்தப் படலத்தில் தக்க சூழலில் அது 0.02 அளவுக்கு இறங்குகிறது. ஈரம் இரும்பைக் கெடுக்கும் என்று படித்த மாணவருக்கு, இங்கே ஈரம் இல்லாவிட்டால் வேலையே நடக்காது என்பது வியப்பாக இருக்கும். குறையும் உண்டு: 170 டிகிரி செல்சியஸ் அளவில் நீரை இழந்து அடுக்கமைப்பு சிதையும், தண்ணீர் பட்டால் கரையும்.

பத்தாம் வகுப்பில் இதையே சமன்பாட்டுப் பயிற்சியாக்கலாம். ஒரு மூலக்கூறு போரான் ஆக்சைடுக்கு எத்தனை மூலக்கூறு நீர் என்று கேளுங்கள். மூன்று, கிடைப்பது இரண்டு மூலக்கூறு போரிக் அமிலம்.

செய்முறைக்குப் பழைய கேரம் பலகை ஒன்று போதும். பலகையில் ஒரு காயை வைத்து, ஒரு பக்கத்தின் அடியில் நோட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். காய் நழுவத் தொடங்கும்போது உயரத்தை அளந்து, கிடைத்தள நீளத்தால் வகுத்தால் நிலை உராய்வுக் குணகம். மூன்று முறை செய்து சராசரி காணட்டும். பிறகு பவுடர் தூவி மீண்டும் செய்யட்டும். போரிக் அமிலம் வாய்க்குள் போகக் கூடாது. சோதனை முடிந்ததும் எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையென்றால் இதில் இன்னும் கவனம் தேவை.